அக்காவின் அளவு நோட்டு

என் அக்காவைப் பள்ளிக்கூட டெய்லர் என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். ஆண்களுக்குத் தைக்க மாட்டாள், கல்யாணத்துக்குத் தைக்க மாட்டாள், படத்தில் பார்த்த மாதிரி கழுத்து வேண்டும் என்று வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். சீருடை மட்டும்தான். தெருக்கோடிப் பள்ளியின் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு பாதி அவளுடைய மிஷின்கள், மறுபாதி என்னுடைய நூல், பட்டன் கடை. நடுவில் சுவர் கிடையாது. அதனால் அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதது அநேகமாக ஒன்றும் இல்லை. தெரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று நினைப்பது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சீருடையில் தையல் சின்ன வேலை. பெரிய வேலை மடிப்பு. பிள்ளை வருகிற ஒரு வருடத்தில் எவ்வளவு வளரும் என்று இன்றைக்கே கணித்து, அந்த அளவுத் துணியைக் கீழ்விளிம்பில் உள்மடித்துத் தைத்துவிட வேண்டும். வளர வளர அவிழ்த்துவிட்டுக்கொள்ளலாம். அக்கா பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள், பாதத்தைப் பார்ப்பாள், பிறகு அம்மாவை ஏற இறங்கப் பார்ப்பாள். இவனுக்கு மூன்று விரல் மடிப்பு போதும், இவளுக்கு ஐந்து விரல் வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தப்பிப்போன அந்த ஒன்றுக்கும் பிள்ளையின் மேல்தான் பழி போடுவாளே தவிர, தன் கணக்கின்மேல் போட மாட்டாள். அவ்வளவு திமிர்.

எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், ஒரு வருடத்துக்கு ஒரு வரி. உயரம், தோள், மார்பு, இடுப்பு என்று நாலு கட்டம். பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும், நீ ஒன்றாம் வகுப்பில் எவ்வளவு உயரம் என்று புரட்டிச் சொல்லிவிடுவாள். தன் மகளுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். அந்தப் பக்கம் மகள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அளந்து அளந்து தன் பிள்ளைக்கு அளவு தீர்ந்துபோய்விட்டது போல என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தாள். புதிய பக்கத்தைத் திருப்பினாள். டேப்பைத் தன் வயிற்றைச் சுற்றிப் போட்டு, இருபத்தெட்டரை என்று எழுதினாள். அதன் பிறகு வாரம் தவறாமல் அளந்தாள். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்திரண்டு. உள்ளே இருக்கிறதுக்கும் சீருடையா, எத்தனை விரல் மடிப்பு என்று நான் கேட்டேன். ஸ்கேலை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டாள். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் தலையணைக்கடியிலிருந்து டேப்பை எடுத்து அதைத் தலை முதல் கால்வரை அளந்திருக்கிறாள். நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பதரை அங்குலம். அதுவும் நோட்டில் இருக்கிறது.

அத்தான் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். எங்கள் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்த நாள் கிடையாது. அக்காவும் நெடுநெடுவென்று இருப்பாள். அதனால் மகள் ஏழு வயதில் கிடுகிடுவென வளரத் தொடங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆறு வயதில் நாற்பத்தேழு அங்குலம், ஏழில் ஐம்பத்தொன்று, எட்டில் ஐம்பத்து நாலரை. ஐந்து விரல் மடிப்பு மூன்றே மாதத்தில் அவிழ்ந்துவிடும். என் கடையில் மேல்தட்டில் இருக்கும் பட்டன் டப்பாக்களை எட்டி எடுத்துத் தருவாள். அதைப் பார்த்து நான்தான் அவளுக்கு ஏணி என்று பேர் வைத்தேன். எனக்கு வாய் நீளம். தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது, பள்ளியும் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வகுப்பில் இருந்தவளைப் பெரிய பிள்ளைகளின் கைப்பந்து அணியில் சேர்த்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டு வளர்த்தி அது என்பாள்.

அந்த வருடம்தான், ஒரு மத்தியானம், அவள் மகளின் சட்டையை மூன்று தடவை தைத்து மூன்று தடவை பிரிப்பதைப் பார்த்தேன். ஒரே தடவையில் முடிக்கிறவள். நாலாவது தடவை முன்பக்கம் இரு ஓரத்திலும் சின்னச் சின்னச் சுருக்கம் வைத்து, அதன்மேல் அகலமாக ஒரு பட்டையை இறக்கினாள். எதற்கு இவ்வளவு லூசு என்று கேட்டேன். விளையாடுகிற பிள்ளை, காற்று போகட்டும் என்றாள். மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அன்று சாயங்காலம் பிள்ளை பழைய சட்டையோடு ஓடி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மார்பு எழும்பத் தொடங்கியிருந்தது. கேட்டிருக்க வேண்டும். தம்பி போய் அக்காவிடம் இதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். நீள வாய்க்காரன் அன்று பார்த்து வாயடைத்துப்போனேன்.

தையல் அத்தனை நேர்த்தி. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாடலே வேண்டும் என்று நாலு அம்மாக்கள் கேட்டுத் தைத்துக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டரை வயதில் ஒருநாள் பள்ளியிலிருந்து பாதியில் அழுதுகொண்டே வந்தாள். எங்கேயோ அடிபட்டு ரத்தம் வருகிறது என்று நினைத்திருக்கிறாள். அக்கா ஷட்டரை இறக்கினாள். பட்டப்பகலில் அவள் கடையை மூடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மறுநாள் ஏணி என் பக்கம் வந்து உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டே, “மாமா, நான் பெரியவளாயிட்டேனாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்” என்றாள். நான் அந்த யாரிலும் சேர்த்தியில்லை போலிருக்கிறது. சரிடா, சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டு நானும் அக்காவும் அதையே பிடித்துக்கொண்டோம்.

பிறகு மடிப்பு அவிழவில்லை. ஒன்பது வயதில் ஐம்பத்தாறு அங்குலம், பத்தில் ஐம்பத்தாறரை. அக்கா வழக்கம்போல ஐந்து விரல் மடிப்பு வைத்தாள். வருடம் முடிந்தது, மடிப்பு அப்படியே இருந்தது. அடுத்த வருடமும் ஐந்து விரல் வைத்தாள். பிள்ளை இப்போது வளர்த்தியை ஆறப்போட்டிருக்கிறாள், அடுத்த வருடம் பாரு என்றாள். ஊர்ப் பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பாள். பதினொன்றில் ஐம்பத்தேழு. அத்தோடு சரி. பன்னிரண்டு வயதில் கூடப்படிக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். கைப்பந்து அணியில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள், பிறகு புள்ளி எழுதச் சொன்னார்கள். எல்லாருக்கும் கீழே நின்றுகொண்டு ஏணி என்ற பேருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடுவதை நிறுத்தினேன். தெருவை எப்படி நிறுத்துவது?

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எட்டு வயதில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் பள்ளிக்கு வந்து பயிற்சி காட்டியபோது, இருந்ததிலேயே உயரமான பிள்ளை என்று அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, இன்னும் பத்து வருடத்தில் வந்து சேர்ந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொன்னது. அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு அறுபத்திரண்டு அங்குலம் வேண்டும் என்று எங்கேயோ விசாரித்து வந்து, அம்மாவின் துணி சாக்கட்டியால் உள்ளறைக் கதவுநிலையில் ஒரு கோடு போட்டாள். பன்னிரண்டு வயதில் கோட்டுக்கு ஐந்து அங்குலம் குறைவு. தொங்கினால் வளருமாம் மாமா என்று வந்து நின்றாள். நான் இரும்புக் கம்பி வாங்கி, அதே நிலையின் உச்சியில் திருகு போட்டு மாட்டிக்கொடுத்தேன். தினமும் காலையில் ஸ்டூலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுத் தொங்குவாள். நூறு எண்ணும்வரை இறங்க மாட்டாள்.

பதின்மூன்று வயதில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தான் ஊரில் இல்லை, நான் கூடப் போனேன். டாக்டரம்மா இடது கையைப் படம் எடுத்துவரச் சொன்னார். அக்கா நோட்டைக் கொண்டுபோயிருந்தாள். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்து, இப்படி ஒரு கணக்கை எந்த அம்மாவும் கொண்டுவந்ததில்லை என்றார். அக்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது.

பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பிள்ளைகளின் எலும்பு நுனியில் ஒரு சின்ன இடைவெளி இருக்குமாம். எலும்பு நீள்வது அங்கேதானாம். அது மூடிவிட்டால் உயரம் முடிந்தது. ஏணிக்கு எல்லா இடத்திலும் மூடியிருந்தது. இரண்டு மூன்று வருடம் முன்பே மூடியிருக்கலாம் என்றார். உடம்பு பருவத்துக்கு வர வேண்டிய காலத்துக்கு முன்பே வந்துவிட்டதால் முதலில் வேகமாக வளர்ந்து, சீக்கிரமே நின்றுவிட்டது. ஏழு வயதில் தெரிந்திருந்தால் ஊசி போட்டுச் சில வருடம் பருவத்தை நிறுத்திவைத்து, அதுவரை வளரவிட்டிருக்கலாம். இப்போது மருந்து இல்லை.

பிறகு நோட்டில் விரலை வைத்தார். “எல்லாம் எழுதியிருக்கீங்க. ஏழு, எட்டு, ஒம்பது, இந்த மூணு வருஷம் மார்பளவு மட்டும் ஏன் எழுதல?”

“மறந்துட்டேன்” என்றாள் அக்கா.

அக்கா எதையும் மறக்கிறவள் இல்லை. டாக்டரம்மாவுக்கும் அது புரிந்தது என்றே நினைக்கிறேன். நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஏணி அம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். உடல்வாகு அப்படித்தானாம், நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க என்றாள் அக்கா. ஏணி என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், ஊர் வரும்வரை திரும்பவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளை, தானே தேடிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே. நாங்கள்தான் உடல்வாகு என்று அடித்துச் சொல்லிவிட்டோமே.

அவள் நல்லாச் சாப்பிட்டாள். தினமும் தொங்கினாள். நூறு எண்ணியவள் நூற்றைம்பது எண்ணினாள். மூன்று வருடம். நான் கடை திறக்கிற நேரமும் அதுதான். உள்ளே அவள் எண்ணுகிற சத்தம் கேட்கும். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அப்போது ஷட்டரை வேண்டுமென்றே தடதடவென்று தூக்குவேன். காதில் விழாமல் இருந்தால் போதும் என்றிருக்கும். இன்று சொல்லிவிடு என்று அக்காவிடம் சொல்வேன். நீயே சொல்லேன் என்பாள். இருவரும் சொல்ல மாட்டோம். சொல்லி என்ன ஆகப்போகிறது, எலும்பா திறக்கப்போகிறது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பதினாறு வயதில் ஒருநாள் சத்தம் கேட்கவில்லை. அவளாகவே விட்டுவிட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கம்பி மட்டும் அங்கேயே இருந்தது. தைத்து முடித்த சீருடைகளை அக்கா அதில் மாட்டத் தொடங்கினாள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. கல்லூரியில் இரண்டாம் வருடம். புதிய காவலாளி ஒருவர் ஸ்கூலுக்கு வழி அந்தப் பக்கம் பாப்பா என்று சொன்னதை எங்களிடம் நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு அக்கா உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் ஏணி ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து அம்மாவுக்கு விளிம்பு அடித்துக்கொடுப்பாள்.

போன மாதம், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு பெண் மகளோடு வந்தாள். இரண்டாம் வகுப்பாம். நான் நாலாம் வகுப்பு என்று நினைத்தேன். வகுப்பிலேயே இவள்தான் உயரம், போன வருடத்துச் சட்டை எதுவும் ஏறவில்லை என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, முன்பக்கம் கொஞ்சம் சுருக்கம் வைத்துத் தளர்வாகத் தைக்க முடியுமா, நீங்கள் அப்படித் தைப்பீர்களாமே என்று கேட்டாள்.

அக்கா டேப்பைப் பிள்ளையின் தோளில் வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு முட்டிபோட்டு அமர்ந்து மார்பைச் சுற்றி அளந்தாள். எழுந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தைத்துத் தர மாட்டேன், முதலில் இவளை டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. என் பிள்ளைக்கு நோயா என்று கேட்டாள். நோயில்லை, வளர்த்திதான், ஆனால் சீக்கிரம் நின்றுவிடும் என்றாள் அக்கா. அளவெடுக்கச் சொன்னால் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். ஏணி உட்கார்ந்திருந்த ஓவர்லாக் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“என் பொண்ணுக்கும் ஏழு வயசுல இப்படித்தான் இருந்துச்சு” என்றாள் அக்கா. “நான் டாக்டர்கிட்ட காட்டல. யாரும் பாத்துடக் கூடாதுன்னு சுருக்கம் வச்சுத் தச்சேன். அப்பவே காட்டியிருந்தா ஊசி போட்டு வளர வச்சிருப்பாங்க. அங்க உக்காந்திருக்கா பாருங்க. அதுக்கப்புறம் அவ வளரவே இல்ல.”

ஓவர்லாக் மிஷின் நின்றது.

அந்த அம்மா ஏணியைப் பார்த்தாள், தன் மகளைப் பார்த்தாள், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஏணி எழுந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். கடையிலிருந்தே தெரியும் பேருந்து நிறுத்தத்தில் அவர்களைப் பிடித்துவிட்டாள். நோட்டைத் திறந்து எதையோ காட்டிப் பேசினாள். அந்த ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றது. ஏணியின் தோளுக்குமேல் இருந்தது அதன் தலை. பேருந்து வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள்.

திரும்பி வந்தவளிடம் டாக்டரிடம் போவார்களாமா என்று நான் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. தெரியல என்றாள். நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். தன் பக்கத்தைத் திறந்து அந்த மூன்று காலிக் கட்டங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், சேலை முனையை வாயில் அழுத்திக்கொண்டு. ஏணி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் திரும்பினாள்.

“நான் கம்பியில தொங்கினப்ப உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“தெரியும்டா.”

“மூணு வருஷமுமா?”

தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டினேனே, அதே தலை. அவள் மிஷினுக்குப் போய் மிச்சமிருந்த விளிம்புகளை அடித்து முடித்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது. கம்பியில் தொங்கிய சீருடைகளையெல்லாம் இறக்கிக் கட்டிலில் அடுக்கியிருந்தாள். ஸ்டூலில் ஏறி நின்று திருப்புளியால் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் இறுக்கி மாட்டிய திருகு, துருவேறியிருந்தது. ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள், போ என்பதுபோல. நான் கிட்டே போனேன். இறங்கு, நான் கழற்றித் தருகிறேன் என்றேன். ஸ்டூலையாவது பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

“வேணாம் மாமா. எட்டுது.”

எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நெஞ்சுக்கு நேராக, நிலையில் அந்தச் சாக்கட்டிக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.